இடுப்பு சொன்ன தீர்ப்பு: பழைய மஸில் பைக்குகள் நான்கும் என் தண்டுவடமும்

பத்தொன்பது வயதில் பழைய புத்தகக் கடையொன்றில், அட்டை கிழிந்த மோட்டார் இதழில், யமஹா வி-மேக்ஸின் படத்தைப் பார்த்தேன். 1985இல் வெளிவந்த வண்டி; 1198 சி.சி., நான்கு சிலிண்டர், 145 குதிரைத்திறன். படத்தைப் பார்த்தால் பைக்குக்குள் எஞ்சினை வைத்த மாதிரி தெரியாது. எஞ்சினுக்கு இரண்டு சக்கரம் மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருந்தேன். இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு. மகளின் படிப்பு முடிந்துவிட்டது, கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, இடுப்பில் ஒரு வட்டு நகர்ந்திருக்கிறது.

மருத்துவர் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. குனிந்து ஓட்டாதீர்கள் என்றார். ஸ்போர்ட்ஸ் பைக்கின் கதவு அத்துடன் மூடியது. நிமிர்ந்து உட்கார்ந்து, கியரை அடிக்கடி மாற்றாமல், நாளைக்கு 400 கிலோமீட்டர் போய்த் திரும்பும்போது மனிதனாகவே இறங்க வேண்டும். அதற்கு மஸில் பைக் (பெரிய எஞ்சினும் அகன்ற பின் டயரும் கொண்ட முரட்டு வண்டி) சரிவருமா? புதிதாக வாங்கும் வசதி இல்லை. எனவே இந்தியாவில் முன்பு விற்கப்பட்டு, இப்போது இரண்டாவது கைக்கு வரும் நான்கு வண்டிகளை மூன்று மாதமாகத் துரத்திப் பார்த்தேன்: இரண்டாம் தலைமுறை யமஹா விமேக்ஸ், சுஸுகி இன்ட்ரூடர் எம்1800ஆர், ட்ரையம்ப் ராக்கெட் 3 ரோட்ஸ்டர், டுகாட்டி டியாவெல்.

ஹார்லியின் நைட் ராட் ஏன் இல்லை என்று கேட்பார்கள். போர்ஷேவுடன் சேர்ந்து உருவாக்கிய அருமையான எஞ்சின். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். காலும் முன்னே, கையும் முன்னே. துணி காயப்போடும் கொடியில் என்னையே மடித்துத் தொங்கவிட்டதைப் போல இருந்தது. இறங்கிவிட்டேன்.

கால் எங்கே இருக்கிறது?

சொகுசு என்றதும் எல்லோரும் இருக்கையைத்தான் அமுக்கிப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எம்1800ஆரின் இருக்கை 705 மி.மீ. உயரம்தான், அகலமானது, மெத்தென்றது, வீட்டு சோபாவுக்குச் சவால் விடும். உரிமையாளர் நல்ல மனிதர். "ஓட்டிப் பாருங்கள் அண்ணா" என்று சாவியைக் கொடுத்தார். அவினாசியிலிருந்து பெருந்துறை வரை ஓட்டினேன்.

முதல் பத்து கிலோமீட்டர் சொர்க்கம். அதன் பிறகுதான் விஷயம் புரிந்தது. ஃபுட்ரெஸ்ட் முன்னால் இருப்பதால் உடம்பு 'ட' எழுத்தைப் போல ஆகிவிடுகிறது: முதுகு செங்குத்து, கால் கிடைமட்டம். மேலுடம்பின் எடை முழுவதும் வால் எலும்பின் மேல் இறங்குகிறது. சர்வீஸ் சாலையில் வேகத்தடை வந்தால் சாதாரண பைக்கில் என்ன செய்வோம்? காலை ஊன்றி இருக்கையிலிருந்து இரண்டு அங்குலம் எழுந்துகொள்வோம். முழங்கால்தான் நம்முடைய சிறந்த சஸ்பென்ஷன். கால் முன்னே நீண்டிருந்தால் எழ முடியாது; ஒவ்வொரு அடியையும் முதுகு நேராக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இதில் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் ஏறத்தாழ 118 மி.மீ. மட்டுமே. நம் ஊர் வேகத்தடைகளை வடிவமைத்தவர்களுக்கு இந்த எண் தெரியாது.

வேகம் நூறைத் தாண்டினால் காற்று நெஞ்சில் மோதி உடம்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது. காலை ஊன்ற வழியில்லாததால் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கிறது. பெருந்துறையில் இறங்கியபோது தேநீர்க் கடைக்காரர் என் நடையைப் பார்த்துவிட்டு நாற்காலியை அவராகவே இழுத்துப் போட்டார்.

மற்ற மூன்றிலும் கால் ஏறத்தாழ உடம்புக்குக் கீழேயே இருக்கிறது. அவற்றுள் மிகச் சரியானது டியாவெல். 770 மி.மீ. இருக்கை, சற்றே பின்னோக்கி வளைந்த ஹேண்டில்பார், காலுக்கு நேர் மேலே இடுப்பு. பார்ப்பதற்கு முரட்டு வண்டி. உட்கார்ந்தால் அன்றாடம் வேலைக்குப் போய்வரும் நல்ல பைக்கின் இருப்பு. (டியாவெல் வேறு, எக்ஸ்டியாவெல் வேறு. பின்னது 2016இல் வந்தது, கால் முன்னே போகும் வகை. விளம்பரங்களில் இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள்.) ராக்கெட் ரோட்ஸ்டரில் கால் கொஞ்சம் அகன்று நிற்கிறது, எஞ்சின் அவ்வளவு பெரிது. குட்டையானவர்களுக்குத் தொடை இழுக்கும். விமேக்ஸில் உட்காரும் நிலை நன்றாகவே இருக்கிறது. சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம், திருகி மாற்றிக்கொள்ளலாம்.

டார்க் எப்போது வருகிறது?

விளம்பரத்தில் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். விமேக்ஸுக்கு 200, டியாவெலுக்கு 162, ராக்கெட்டுக்கு 148, சுஸுகிக்கு 125ஐ ஒட்டி. நம் நாட்டில் நான்குவழிச் சாலையில் இரு சக்கர வண்டிக்கு மத்திய அரசு வைத்த உச்சவரம்பு 80 கி.மீ. இருநூறு குதிரைகளை லாயத்தில் கட்டிவைத்துத் தீனி போடுவதற்கு அது போதும். எனக்கு வேண்டிய கணக்கு வேறு: உச்ச டார்க், அதாவது எஞ்சினின் திருப்புவிசை, நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் கிடைக்கிறது?

ராக்கெட்டில் 221 நியூட்டன் மீட்டர், அதுவும் 2750 சுற்றிலேயே. சுஸுகியில் 160, 3200 சுற்றில். விமேக்ஸில் 167, ஆனால் 6500 வரை காத்திருக்க வேண்டும். டியாவெலில் 130 சொச்சம், 8000இல். ஆயாசமின்றி ஓட்டுவது என்பதன் பொருள் இந்த வரிசையில்தான் இருக்கிறது. லாரிக்குப் பின்னால் 50இல் போய்க்கொண்டிருக்கிறீர்கள், வழி கிடைக்கிறது. ராக்கெட்டில் மணிக்கட்டை மட்டும் திருப்பினால் போதும். ஐந்தாவது கியரில் கிடந்தபடியே அது மலைப்பாம்பு அவிழ்வதைப் போல முன்னே நகரும். அதன் எஞ்சின் 2294 சி.சி. ஒரு சிலிண்டருக்கே 765 சி.சி. வருகிறது, பழைய 350 புல்லட்டுகள் இரண்டை அதற்குள் போட்டாலும் இடம் மிஞ்சும்.

டியாவெலில் அதே இடத்தில் இரண்டு கியர் குறைக்க வேண்டும். முதலில் வந்த 2011 மாடல் மூவாயிரம் சுற்றுக்குக் கீழே விக்கி விக்கி ஓடும்; நெரிசலில் எரிச்சலாக இருக்கும். 2014இல் வந்த மாற்றத்தில் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் கொடுத்து அந்த விக்கலைப் பெருமளவு தீர்த்தார்கள். டியாவெல் தேடுபவர்கள் அதற்குப் பிந்தையதைத் தேடுவது நல்லது.

விமேக்ஸைப் பற்றி என்ன சொல்ல? பெங்களூரில் ஒருவரிடம் இருந்தது. அரை மணி நேரம் ஓட்டக் கொடுத்தார். நாலாயிரம் சுற்று வரை நாகரிகமான கனவான். ஆறாயிரத்தைத் தாண்டியதும் என் வயிறு பின்னிருக்கைக்குப் போய்விட்டது. முப்பது வருட ஆசை அந்தப் பத்து விநாடியில் தீர்ந்தது என்றே சொல்லலாம். திரும்பி வரும்போது பெட்ரோல் பங்க்கில் நின்றோம். பங்க் ஊழியர் டேங்க் இருக்க வேண்டிய இடத்தைத் தட்டித் தட்டி மூடியைத் தேடினார். அது அங்கே இல்லை. முதுகுச்சாய்வைத் தூக்கினால் அடியில் இருக்கிறது.

அந்த டேங்க்கில் 15 லிட்டர்தான் பிடிக்கும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால் உரிமையாளர் இனிப்பு வழங்குவார். 150 கிலோமீட்டருக்கு ஒருமுறை பங்க் தேட வேண்டும். ராக்கெட்டுக்கு 24 லிட்டர், சுஸுகிக்கு 19.5, டியாவெலுக்கு 17. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நின்றுகொண்டிருக்கும்போது

இத்தனையும் பார்த்தால் ராக்கெட்டே என்று முடிவாகியிருக்க வேண்டும். முடிவு செய்தும்விட்டேன். ஈரோட்டில் இருந்த வண்டியை உரிமையாளர் ஒரு ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். எங்கள் வீடு முட்டுச்சந்தின் கடைசியில் இருக்கிறது. வாசலில் சாய்தளம், வண்டியை உள்ளே ஏற்றினால் பின்னோக்கித்தான் இறக்க வேண்டும்.

எரிபொருளோடு ராக்கெட் ரோட்ஸ்டரின் எடை 367 கிலோ. காகிதத்தில் பலமுறை படித்த எண்தான். எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டாண்டை எடுத்து, பின்னோக்கி நகர்த்தப் பார்த்தேன். சாய்தளத்தின் நடுவில் இடது கால் செருப்பு மணலில் சறுக்கியது. வண்டி இரண்டு அங்குலம் சாய்ந்தது. உரிமையாளர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், எதிர்வீட்டுப் பையன் பின்னால். மூவரும் பிடித்து நிறுத்தினோம். யாரும் பேசவில்லை. இரவு இடுப்பில் வெந்நீர் ஒத்தடம்.

ஓடும்போது வண்டியின் எடையைச் சாலை சுமக்கிறது, நிற்கும்போது நம் இடுப்பு சுமக்கிறது. எம்1800ஆர் 347 கிலோ, விமேக்ஸ் 310. டியாவெல் ஏறத்தாழ 240 கிலோ. இன்றைய புல்லட்டைவிட ஐம்பது கிலோ கூடுதல், அவ்வளவுதான். டியாவெலைச் சாய்தளத்தில் நான் ஒருவனாகவே இறக்கினேன். 2019இன் இறுதியில் இந்தியாவுக்கு வந்த புதிய ராக்கெட் 3, பழையதைவிட நாற்பது கிலோ குறைவு, 2458 சி.சி. வேறு. அது என் பணப்பைக்கு எட்டாது.

டியாவெலுக்கும் ஒரு தண்டனை உண்டு: சூடு. பின் சிலிண்டர் தொடைக்கு அடியிலேயே இருக்கிறது. ஏப்ரல் மாதம், சிக்னல், மதியம் இரண்டு மணி என்றால் தோசைக்கல்லின் மேல் உட்கார்ந்த கதை. ராக்கெட்டில் வலது முழங்காலுக்கு அருகே மூன்று புகைக்குழாய்கள் இறங்குகின்றன, அதுவும் சளைத்ததல்ல. நெரிசலில் மட்டுமே ஓட்டுபவர் இந்த நான்கையும் மறந்துவிடலாம்.

குறைந்த கிலோமீட்டர் என்னும் கண்ணி

இந்த வண்டிகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவுக்கு மட்டுமே வெளியே வந்தவை. பத்து வருடப் பழைய வண்டி, ஓடியது 6000 கி.மீ. என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் சந்தித்த இடைத்தரகர் ஒருவர் அதற்காகவே இரண்டு லட்சம் கூடுதலாகக் கேட்டார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தேன். முதல் இரண்டு வாரம், பின்னிரண்டு வருடம். வண்டி பிறந்தபோது மாட்டிய அதே டயர். பள்ளம் குறையாமல் புதிது போலவே இருந்தது, ரப்பர் மட்டும் கல்லாகிவிட்டது. பிரேக் ஆயில், ஃபோர்க் சீல், குளிர்விப்பான் குழாய்கள் எல்லாம் ஓடாமலேயே முதுமை அடைபவை.

டயர் விஷயத்தில் வாங்குவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். ராக்கெட்டின் பின் டயர் 240/50, பதினாறு அங்குலம். விமேக்ஸுடையது 200/50, பதினெட்டு. இரண்டுமே வேறு வண்டிகளுக்கு ஏறக்குறையப் பயன்படாத அளவுகள். சுஸுகியின் 240/40 பதினெட்டு அங்குலம் ஹார்லியின் வி-ராட் வகைக்கும் பொருந்தும் என்பதால் கொஞ்சம் எளிது. டியாவெலின் 240/45 பதினேழு அங்குலத்தை பிரெல்லி தயாரிக்கிறது. நான்குமே இறக்குமதிதான், சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும்.

பராமரிப்பில், செயினுக்குப் பதிலாக ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டு பின்சக்கரத்தை ஓட்டும் மற்ற மூன்றும் நிம்மதியானவை. செயினுக்கு எண்ணெய் விடும் வேலை இல்லை, பின் கியர் பெட்டியில் கசிவு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தால் போதும். டியாவெலில் செயின் உண்டு. அதைவிட முக்கியமானது வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க எஞ்சினில் ஓடும் டைமிங் பெல்ட். கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பிரேக் விஷயத்தில் சுஸுகி பின்தங்குகிறது: அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் மற்ற மூன்றிலும் உண்டு, இதில் இல்லை.

காகிதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெங்களூர் வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, மீண்டும் சாலை வரி. விமேக்ஸின் விலையில் நான் பேரம் பேசிக் குறைத்ததை அந்த வரி தின்றுவிடும். பதிவு பதினைந்து வருடத்துக்குத்தான். 2011இல் பதிவான வண்டி என்றால் 2026இல் புதுப்பிக்கும் அலைச்சல் உண்டு.

பின்னால் உட்காருபவர்

கடைசியில் வீட்டம்மாவை அழைத்துப்போனேன். சுஸுகியில் பின்னிருக்கை இருக்க வேண்டிய இடத்தில் அழகுக்கு ஒரு கூம்பு மூடி. "எனக்கு இடமே இல்லாத வண்டியைக் காட்டவா கூட்டி வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு ஆட்டோ பார்க்கப் போய்விட்டார். ராக்கெட்டில் உட்கார்ந்து திருப்திப்பட்டார். டியாவெலில் பின்பக்கம் ஒளிந்திருக்கும் கைப்பிடியை இழுத்து நீட்டியதும் முகத்தில் வியப்பு. இருக்கை சிறியது, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதும் அவரது தீர்ப்பு. மணிக்கு ஒரு தேநீர் என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

சென்னையில் ஒரு 2015 டியாவெல் பார்த்து வைத்திருக்கிறேன். 14,000 கி.மீ. ஓடியது, இரண்டு சாவியும் இருக்கின்றன, சர்வீஸ் ரசீதுகள் வரிசையாக இருக்கின்றன. பெல்ட் மாற்றிய ரசீது மட்டும் இல்லை. பெல்ட்டும் பின் டயரும் மாற்றிக் கொடுங்கள், அல்லது அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அதற்குள் வாசல் சாய்தளத்துக்கு மேஸ்திரியை வரச் சொல்லியிருக்கிறேன். செருப்பு சறுக்காமல் இருக்க சொரசொரப்பான பூச்சு வேண்டும்.