56 நாளுக்கு முன்னால் தரமாட்டேன் என்றவரிடம் வாங்கிய குட்டி

ராஜபாளையம் இன நாய்க்குட்டி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. எங்கே வாங்கினீர்கள், நல்ல ஆளா என்று தெரிந்தவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள், அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். அது கடை இல்லை. ராஜபாளையம் ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் வீடும் கொட்டகையுமாக இருக்கிறவர், மூன்று பெட்டை நாய்கள் வைத்திருக்கிறார். பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

முதல் போனிலேயே அவர் சொன்னது, "குட்டிக்கு இருபது நாள் ஆகுது, எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க, ஆனா 56 நாளுக்கு முன்னாடி கையில தரமாட்டேன்." எங்களுக்கு அது இடித்தது. மகளுக்கு மே மாத லீவு. லீவிலேயே குட்டி வந்துவிட்டால் அவள் கூடவே இருந்து பழக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். அவர் சொன்ன கணக்குப்படி ஜூன் பாதியில்தான் கிடைக்கும், அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஒரு பத்து நாள் முன்னால் கொடுங்கள் அண்ணே, பணத்தை முழுதாக இப்போதே தருகிறோம் என்று என் கணவர் கேட்டுப் பார்த்தார். "லீவு அடுத்த வருஷமும் வரும் சார், குட்டிக்குத் தாய் கூட இருக்குற நாள் திரும்ப வராது" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

எனக்கு அந்தப் பதில் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் லாப்ரடார் குட்டி வாங்கினோம். 45 நாள் குட்டி என்று சொல்லிக் கொடுத்தார்கள். மறுநாள் டாக்டரிடம் கொண்டுபோனால், வாயைத் திறந்து பார்த்துவிட்டு, முன்பல்லே இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, முப்பது நாள் இருந்தால் அதிகம் என்றார். 45 நாளில் முன்பற்கள் எல்லாம் முளைத்திருக்க வேண்டுமாம். தாய் எங்கே, கூடப்பிறந்தவை எங்கே என்று கேட்கக்கூட எங்களுக்கு அன்று தெரியவில்லை. புருனோ அன்பான நாய்தான், ஆனால் விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவு அவனுக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை, என் மாமனார் கையில் மூன்று தையல் போட வேண்டி வந்தது. சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் யாரும் போக முடியாது. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குவான். இதற்கெல்லாம் சீக்கிரம் பிரித்தது மட்டும்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் 2011-இல் வெட்டரினரி ரெக்கார்ட் என்ற கால்நடை மருத்துவ இதழில் இத்தாலியர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பிறகு படித்தேன். வளர்ந்த நாய்கள் 140, அதில் பாதி 30 முதல் 40 நாளுக்குள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை, மீதிப் பாதி இரண்டு மாதத்தில் பிரிக்கப்பட்டவை. முதல் கூட்டத்தில்தான் அதிகக் குரைப்பு, சத்தத்துக்குப் பயம், உணவையும் பொம்மையையும் விட்டுக்கொடுக்காத குணம் எல்லாம் கூடுதலாக இருப்பதாக வளர்ப்பவர்கள் சொல்லியிருந்தார்கள். படிக்கப் படிக்க புருனோவின் முகம்தான் கண்ணில் நின்றது.

சரி, இந்த இடத்துக்கு வருகிறேன். குட்டிகளுக்கு 40 நாள் ஆனபோது மதுரையிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். கொட்டகையில் நாற்றம் இல்லை, தரை கழுவிக் காய்ந்திருந்தது. தாயை முதலில் காட்டினார், எங்களை முகர்ந்து பார்க்கவிட்டு அப்புறம்தான் குட்டிகளைத் திறந்துவிட்டார். ஆறு குட்டிகள், எல்லாம் வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம். நாங்கள் அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம், அந்த ஒரு மணி நேரத்தில்தான் 56 நாள் ஏன் என்பது எனக்குப் புரிந்தது. ஒரு குட்டி இன்னொன்றின் காதைப் பிடித்து இழுத்தது. கடிபட்டது வீல் என்று கத்திவிட்டு, திரும்பிப் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டது. கடித்தது கொஞ்ச நேரம் திருதிருவென்று நின்றது, பிறகு மெல்லப் போய் அதே காதை இந்தமுறை நாக்கால் தொட்டது, மறுபடி விளையாட்டு தொடங்கியது. இன்னொன்று தாயின் மடியைப் பல்லால் இழுத்தபோது தாய் உறுமாமல் அதன் மூஞ்சியைத் தன் வாயால் லேசாக அமுக்கிப் பிடித்து விட்டுவிட்டு எழுந்து நகர்ந்து போனது. இதை எந்த மனிதராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை இந்தப் பாடம்தான் நாள் முழுக்க நடக்கிறது.

அவர் தன் பங்குக்கும் வேலை செய்கிறார். கொட்டகையில் ரேடியோ ஓடுகிறது, பேத்தி வந்து குட்டிகளைத் தூக்குகிறாள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினாலாவது வாரம்வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதைக் கண்டு பிற்பாடு மிரளாது. அதனால்தான் ரொம்ப நாள் கழித்து வாங்குவதும் சரி இல்லை என்கிறேன், ஆள் புழக்கமே இல்லாத கொட்டகையில் நாலு மாதம் அடைத்து வைத்த குட்டியை வீட்டுக்குப் பழக்குவது பெரிய பாடு. பொமரேனியன் மாதிரிச் சின்ன உடம்பு நாய்கள் மட்டும் பத்து, பன்னிரண்டு வாரம் தாயிடம் இருப்பது நல்லது, வேளைக்குச் சாப்பிடாவிட்டால் அவற்றுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

இன்னொன்று, வெள்ளை ராஜபாளையத்தில் காது கேட்காத குட்டிகள் பிறப்பது உண்டு. நாங்கள் கேட்காமலேயே ஒவ்வொரு குட்டியையும் தனியாக எடுத்துப்போய், அது வேறுபக்கம் பார்க்கும்போது பின்னால் எவர்சில்வர் தட்டைத் தட்டிக் காட்டினார். ஒன்று திரும்பவில்லை. அதை விற்கப் போவதில்லை, நானே வைத்துக்கொள்வேன் என்றார். இரண்டு காதில் ஒன்று மட்டும் கேட்காவிட்டால் தட்டில் தெரியாது, அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும், அதையும் அவரே சொன்னார்.

மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்த சான்றிதழ் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த நாய் வளர்ப்பு விதியிலேயே இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் முப்பது நாள் குட்டியை அட்டைப் பெட்டியில் வைத்துக் கூவி விற்கிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

58-ஆவது நாள் காரில் போய்க் கூட்டிவந்தோம். விலை 12 ஆயிரம். பூச்சி மருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்த தேதிகள், 45-ஆவது நாள் போட்ட முதல் ஊசி எல்லாம் எழுதிய அட்டை, நாலு நாளைக்கான தீனி, தாய் படுத்திருந்த துணி ஒரு துண்டு. கிளம்பும் முன் சாப்பாடு கொடுக்கவில்லை, வழியில் வாந்தி எடுக்கும் என்றார். முதல் இரண்டு ராத்திரி அந்தத் துணியில்தான் தூங்கியது. ஊசிகள் குட்டிக்கு நாலு மாத வயது ஆகும்வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும், குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய்ப் பயம் இருப்பதால் அதுவரை தெருவில் காலை ஊன்றவிடாமல் தோளில் தூக்கிக்கொண்டே கடைத்தெரு, பஸ், ஆட்டோ எல்லாவற்றையும் காட்டினோம்.

குறை இல்லாமல் இல்லை. அட்டையில் தேதி இருந்தது, ஊசி மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டவில்லை, கேட்ட பிறகுதான் போட்டோ அனுப்பினார். தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் போட்டுத் தரவில்லை, மதுரையில் நாங்கள்தான் போட்டோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் எடுக்கமாட்டார்.

குக்கர் விசிலுக்கு இவள் காதைத் தூக்கிப் பார்க்கிறாள், அப்புறம் படுத்துக்கொள்கிறாள். விளையாட்டில் மகளின் விரலை வாயில் வைத்தாலும் பல் பதிவதில்லை. வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் தன்னிடமே கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறார், மாதம் ஒரு போட்டோ கேட்கிறார், அனுப்புகிறோம். அந்தத் தாய்க்கு ஒரு வருடம் ஓய்வாம். அடுத்த ஈத்துக்கு இப்போதே நோட்டில் பெயர் எழுதிக்கொள்கிறார், மகளின் தோழி வீட்டுக்காரர்கள் பெயர் நாலாவதாக இருக்கிறது.