பர்னிங் மேன்: கலைக்கு 5 ஸ்டார், சமத்துவத்துக்கு 2

பர்னிங் மேன்ங்கறது அமெரிக்காவுல பாலைவனத்துல வருஷா வருஷம் ஒரு வாரம் நடக்கற கலைத் திருவிழா. போறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடுனாங்க, "அங்க காசுக்கு வேலையே இல்ல, சிஇஓவும் ஒண்ணுதான் நீயும் ஒண்ணுதான்"னு. போயிட்டு வந்தாச்சு. காசு கண்ணுல படாதுங்கறது நிஜம்தான், ஆனா காசு இல்லைங்கறது வேற கதை.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். 1986-ல சான் ஃபிரான்சிஸ்கோ பேக்கர் பீச்சுல லாரி ஹார்வியும் ஜெர்ரி ஜேம்ஸும் ஒரு மர பொம்மையை எரிச்சதுல ஆரம்பிச்சு, 1990-ல நெவாடாவுல பிளாக் ராக் பாலைவனத்துக்கு மாறி, இப்ப 70,000 பேருக்கு மேல கூடற ஊரா ஆயிடுச்சு, முடிஞ்சு சில வாரம் கழிச்சுப் போய்ப் பாத்தா வெறும் தரை. கலைன்னா அப்படி ஒரு கலை, ராத்திரி சைக்கிள்ல சுத்துனா எதைப் பாக்கறது எதை விடறதுன்னே தெரியாது. உள்ள விக்கறது ஐஸ் மட்டும்தான், முன்னாடி காபியும் வித்தாங்க, அதையும் நிறுத்திட்டாங்க. மத்ததெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பரிசா குடுக்கறது, ஓசி. மண்டையைப் பொளக்கற வெயில்ல ஒரு அம்மா கூப்பிட்டு, ஐஸ்ல போட்ட வெள்ளரிக்கா துண்டு ஒண்ணு கையில குடுத்துட்டு, பேரு கூட கேக்காம அடுத்த ஆளைக் கூப்பிடப் போயிட்டாங்க. சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் புழுதி தலை, புருவம், செருப்பு எல்லாத்துலயும் அப்பிக்கும், எவன் பில்லியனர் எவன் பிளம்பர்னு நிஜமாவே கண்டுபிடிக்க முடியல. அந்த அளவுக்கு சமத்துவம் இருக்கு, ஒத்துக்கறேன்.

ஆனா அந்த வெள்ளரிக்கா அங்க வர்றதுக்கே ஒரு கணக்கு இருக்குல்ல. 2023-ல டிக்கெட் 575 டாலர், வண்டிக்கு பாஸ் 150, வரி தனி. அதுக்கு மேல டென்ட், சைக்கிள், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் கிட்ட தண்ணி, சாப்பாடு, பெட்ரோல், எல்லாத்துக்கும் மேல ஒரு வாரம் லீவு. மணிக்கூலிக்கு ஹோட்டல்ல தட்டு கழுவறவருக்கு ஒரு வாரம் லீவுன்னா ஒரு வார சம்பளம் போச்சு, ஐடி ஆளுக்கு அது சம்பளத்தோட லீவு. வசதி இல்லாதவங்களுக்கு பாதிக்கும் கம்மியான விலையில டிக்கெட் தர்ற ஸ்கீம் வெச்சிருக்காங்க, நல்ல விஷயம், ஆனா டிக்கெட்டுதான் கம்மி, மத்த செலவு அப்படியே நிக்குது. அவங்களே எடுக்கற சென்சஸ்ல கறுப்பினத்தவங்க நூத்துக்கு ஒருத்தர் கிட்டதான் வர்றாங்க. வாசல்ல யாரையும் தடுக்கல, வாசல் வரைக்கும் வந்து சேர்றதுலதான் வடிகட்டல் நடக்குது.

உள்ள போனா கேம்ப்புலயும் ரெண்டு ஜாதி. எங்களை மாதிரி காத்துல டென்ட் பறக்காம இருக்க ஆணியைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கற கூட்டம் ஒண்ணு. பெரிய ஆர்வியை, அதாவது வீடு மாதிரி வசதி இருக்கற வண்டியை, வரிசையா நிறுத்தி சுவர் கட்டி, ஏசி, சமையல்காரர், எடுபிடி ஆளுன்னு இருக்கற கூட்டம் இன்னொண்ணு, ப்ளக் அண்ட் ப்ளேன்னு சொல்வாங்க. அந்த மாதிரி ஒரு கேம்ப் வாசல்ல கையில அடையாளப் பட்டை கட்டியிருக்கான்னு பாத்துதான் உள்ள விட்டாங்க. பர்னிங் மேனோட பத்து கொள்கைல முதல் கொள்கையே எல்லாரையும் சேத்துக்கறது, மறந்துடாதீங்க! இந்தக் கோவம் புதுசும் இல்ல, 2016-ல ஒயிட் ஓஷன்ங்கற ஆடம்பர கேம்ப்போட கரென்ட் ஒயரையே யாரோ வெட்டி விட்டாங்க. நடத்தறவங்களும் சும்மா இருக்கல, 2019-ல ஹுமானோன்னு இன்னொரு ஆடம்பர கேம்ப்பை இனிமே வராதீங்கன்னு சொல்லிட்டாங்க. ஆனா தனி விமானத்துக்கு ஓடுதளம் இன்னும் இருக்கு, 2023-ல அதை எதிர்த்து ரோட்டை மறிச்சே போராட்டம் நடந்துச்சு.

அதே 2023-ல மழை கொட்டி வழியெல்லாம் களிமண்ணாகி பல்லாயிரம் பேர் மாட்டிக்கிட்டாங்க. இயற்கை எல்லாரையும் சமமாக்கிடுச்சுன்னு அப்ப ஆளாளுக்கு எழுதுனாங்க, சிரிப்புதான் வருது. சுத்தம் பண்ற லாரி வர முடியாம பொது டாய்லெட் நாறுனப்ப ஆர்விக்காரங்களுக்கு சொந்த டாய்லெட் இருந்துச்சு.

பரிசு கொடுக்கறதும் அப்படித்தான். ஒருத்தர் நெருப்பு கக்கற பெரிய ஆர்ட் கார்ல ஊரையே ஏத்திட்டு சுத்தறாரு, இன்னொருத்தர் சன்ஸ்க்ரீன் தடவி விடறாரு. ரெண்டுக்கும் ஒரே நன்றிதான்னு பேரு, ஆனா போட்டோ எதை எடுக்கறாங்கன்னு பாருங்க. பந்தியில பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாலும் கை கழுவிட்டு ஒருத்தர் கார்லயும் ஒருத்தர் பஸ்லயும்தானே போறாங்க.

கூட்டம் கலைஞ்சப்புறம் வரிசையா நடந்து குப்பையை ஒவ்வொண்ணா பொறுக்கற ஆளுங்களுக்குதான் நான் முழு மார்க் போடுவேன், அந்தக் குப்பையை அங்க மூப்னு சொல்றாங்க. ஆனா திரும்பற வழியில பைரமிட் லேக் பையூட் பழங்குடி மக்களோட நிலத்துல, 447-ம் நம்பர் ரோட்டோரம் மூட்டையை வீசிட்டுப் போறவங்களும் இதே கூட்டம்தான்.

போலாமா வேணாமான்னா, கலைக்காக கண்டிப்பா ஒரு தடவை போங்க, சமத்துவத்தைப் பாக்கப் போறேன்னு டிக்கெட் போடாதீங்க. சின்ன கேம்ப்பா பாத்து சேந்து சமையல் ஷிஃப்ட் எடுத்துக்கங்க, செலவும் குறையும் ஆளும் பழகும். கால் கழுவ வினிகர் மறக்காம எடுத்துக்கங்க, அந்தப் புழுதி காரத்தன்மை உள்ளது, அதாவது அமிலத்துக்கு நேரெதிர், பாதம் வெடிச்சிடும். அதே 447-ம் நம்பர் ரோட்டுல நிக்சன்ங்கற ஊர் பக்கம் ரோட்டோரக் கடையில டாக்கோ வித்தா நிறுத்தி காசு குடுத்து வாங்குங்க, குப்பையை ரீனோ நகரம் வரைக்கும் வண்டியிலயே வெச்சுக்கங்க.