மேசைப் பயிற்சியா, மெயினை அணைத்துப் பார்ப்பதா?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில் சீசன் நேரத்தில் கரண்ட் போனால், லாரியில் வந்து நிற்கும் பெங்களூரா பழம் நமக்காகக் காத்திருக்காது. அவசரத் திட்டத்தை ஏப்ரலுக்குள் சோதித்துவிடுவது நல்லது.

மேசைப் பயிற்சி என்றால், கரண்ட் போனதாக வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசிப் பார்ப்பது. இதற்கு எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம், டீச் செலவு போதும். "ராத்திரி 2 மணி, கரண்ட் இல்லை, மேனேஜர் போன் எடுக்கவில்லை" என்று தொடங்கி, 15 நிமிடத்துக்கு ஒரு புதுச் சிக்கலைப் போடுங்கள். யார் முடிவெடுப்பது என்ற குழப்பமும், வேலையை விட்டுப் போனவரின் எண் இன்னும் பட்டியலில் இருப்பதும் வெளியே வரும். ஆனால் "ஜெனரேட்டர் ஓடும்" என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அதுதான் இதன் ஓட்டை.

மெயின் சுவிட்சை நிஜமாகவே அணைத்தால் தலையாட்ட முடியாது. பெரும்பாலும் காலை வாருவது ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டிங் பேட்டரி. அடுத்தது, டீசல் டேங்க் அடியில் தேங்கிய தண்ணீர். லோடு, அதாவது மின்சுமை, இல்லாமல் ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது சோதனையே அல்ல. ஜெனரேட்டர் திறனில் 30 சதவீத லோடாவது கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். லைனில் பழம் இருக்கும் நாளில் மட்டும் வேண்டாம். வெறும் தண்ணீர் ஓட்டும் நாள் போதும், பாய்லர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் மேசையில் உட்காருங்கள். போன் பட்டியலைத் திருத்தியபின், அடுத்த வாரமே மெயினில் கை வையுங்கள்.