போலீஸ் நிறுத்தினால் துப்பாக்கி இருப்பதை முந்திச் சொல்வதா, கேட்டால் சொல்வதா?

டெக்சாஸில் எல்.டி.சி. எனும் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இந்த வாக்குவாதம் வந்தே தீரும். இடுப்பில் துப்பாக்கியோடு காரில் போகிறோம். பின்னால் சிவப்பும் நீலமும் மின்னுகிறது, ஓரங்கட்டியாயிற்று. ஆபீசர் ஜன்னலுக்கு வந்ததும் நாமே சொல்லிவிடுவதா, கேட்கும்வரை பேசாமல் இருப்பதா? நான் சொல்லிவிடுகிற கட்சி, சில வருஷமாக அப்படித்தான் செய்துவருகிறேன். ஆனால் எதிர்க்கட்சியின் வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

முதலில் சட்டத்தை முடித்துவிடலாம். சில மாநிலங்களில் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். மிச்சிகன், வட கரோலினா, லூசியானா மூன்றிலும் உரிமக்காரர் துப்பாக்கியோடு இருந்தால், போலீஸ் அணுகியதும் தானாகவே சொல்லியாக வேண்டும். மிச்சிகனில் சொல்லாமல் விட்டால் அபராதம் உண்டு, உரிமமும் முடங்கும். ஒஹாயோவிலும் அப்படித்தான் இருந்தது. 2022 ஜூனிலிருந்து கேட்டால் உண்மையைச் சொன்னால் போதும் என்றாகிவிட்டது. ஃபுளோரிடாவிலும் பென்சில்வேனியாவிலும் முந்திச் சொல்லும் கடமை இல்லை. டெக்சாஸ் நடுவில் நிற்கிறது. அடையாள அட்டையைக் கேட்டால் டிரைவிங் லைசென்ஸோடு எல்.டி.சி.யையும் சேர்த்துக் காட்ட வேண்டும். காட்டாதவருக்கான தண்டனையை 2009-இலேயே எடுத்துவிட்டார்கள், விதி மட்டும் இருக்கிறது. ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் நியூ ஆர்லியன்ஸ் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லையிலுள்ள சபைன் ஆற்றைத் தாண்டி லூசியானாவுக்குள் நுழைந்ததும் சொல்லத்தான் வேண்டும். அதோடு ஆபீசர் உடம்பைத் தடவிப் பார்க்கவும், துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்ளவும் சம்மதித்தாக வேண்டும்.

ஆக, நம் இஷ்டத்துக்கு விட்டிருக்கும் இடங்களைப் பற்றித்தான் பேச்சு. கேட்டபிறகு பொய் சொல்வது இரண்டு கட்சியிலுமே கிடையாது.

பேசாமல் இருக்கச் சொல்பவர்கள் உடனே எடுத்துக்காட்டும் பெயர் ஃபிலாண்டோ கஸ்டீல். 2016 ஜூலை 6 அன்று மின்னசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில், பிரேக் விளக்கைக் காரணம் காட்டி அவர் காரை நிறுத்தினார்கள். பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்த்த கறுப்பினத்தவர், முறையான உரிமம் வைத்திருந்தவர். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகத் தானே சொன்னார். அடுத்த சில நொடிகளில் ஜெரோனிமோ யானெஸ் என்ற அந்த ஆபீசர் 7 முறை சுட்டார், கஸ்டீல் இறந்துபோனார். மறு வருஷம் ஜூரி யானெஸை விடுவித்தது. அந்த மாநிலத்தில் முந்திச் சொல்லும் கடமைகூடக் கிடையாது. இதைக் கேட்டபிறகு ‘நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?’ என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது?

அவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாதுகாப்புக்குத் தேவை என்று தோன்றினால் டெக்சாஸ் ஆபீசர் நம் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளலாம், அனுப்பும்போது திருப்பித் தர வேண்டும். குண்டு ஏற்றிய துப்பாக்கியைப் பழக்கமில்லாத கை ஒன்று சாலையோரத்தில் உருவி எடுப்பது யாருக்கும் நல்லதில்லை. உறையில் கிடப்பது உறையிலேயே கிடந்தால் எல்லாருக்கும் நிம்மதி.

இவ்வளவையும் ஒத்துக்கொண்டுதான் மறுபக்கம் நிற்கிறேன். எனக்கு எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றுதான்: கை எங்கே போகிறது என்பது.

இந்த ஊர்க் காரில் ஓட்டுநர் இடது பக்கம் உட்காருகிறார். சீட் பெல்ட்டின் கொக்கி அவருடைய வலது இடுப்பருகே. வலது கைக்காரர் துப்பாக்கியை மாட்டுவதும் அதே வலது இடுப்பில். பெரும்பாலான ஆண்களின் பர்ஸ் இருப்பதோ வலது பின்பாக்கெட்டில். ஆபீசர் லைசென்ஸ் கேட்கிறார். நாம் பெல்ட்டை அவிழ்த்து, உடம்பை இடதுபக்கம் சாய்த்து, வலது கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோகிறோம். சட்டை மேலேறுகிறது, துப்பாக்கியின் பிடி தெரிகிறது. நமக்கு அது பர்ஸ் எடுப்பது. ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் கண்ணுக்கு அது எப்படி இருக்கும்? அவர் தானாகக் கண்டுபிடிக்கும் துப்பாக்கியைவிட நான் சொல்லித் தெரிந்துகொள்ளும் துப்பாக்கி எனக்கு ஆபத்துக் குறைவு.

கஸ்டீல் சம்பவத்தையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். தவறு அவருடையது இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஆபீசர் லைசென்ஸும் இன்சூரன்ஸும் கேட்டிருந்தார். இன்சூரன்ஸ் அட்டையைக் கொடுத்தாயிற்று, லைசென்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. துப்பாக்கிப் பேச்சு வந்தது அந்த இடைவெளியில். எடு என்ற உத்தரவு நிலுவையில் இருக்கும்போதே எடுக்காதே என்ற உத்தரவும் வந்துவிட்டது.

அதனால் என் வழக்கம் இது. ஜன்னலை இறக்கி, இருட்டினால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துவிடுவேன். ஆபீசர் எதையும் கேட்குமுன், ‘என்னிடம் எல்.டி.சி. இருக்கிறது. இன்று துப்பாக்கியும் வலது இடுப்பில் இருக்கிறது. லைசென்ஸ் கப் ஹோல்டரில். எப்படிச் செய்யட்டும்?’ என்பேன். உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு, கேள்வி கடைசியில். பதில் வரும்வரை விரல்கூட அசையாது. ‘நீங்க அதைத் தொடாதீங்க, நானும் என்னோடதைத் தொடலை’ என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர் தலையாட்டிவிட்டு வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

டெக்சாஸில் லைசென்ஸ் எண்ணைத் தட்டினாலே எல்.டி.சி. விவரம் அவர்கள் திரையில் வந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேசாமல் இருந்து மறைத்தது பெரிதாக ஒன்றுமில்லை.

இதில் ஒரு ஓட்டை உண்டு. பர்ஸை முன்கூட்டியே கப் ஹோல்டரில் வைத்துவிட்டால் கை இடுப்பருகே போகவே போகாது. இரண்டு அட்டைகளையும் வாய் திறக்காமல் நீட்டினாலும் ஏறக்குறைய அதே பலன்தான். அப்படிச் செய்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். துப்பாக்கி கிளவ் பாக்ஸில் பதிவுத்தாளோடு கிடந்தால் மட்டும் கட்டாயம் முந்திச் சொல்லுங்கள். அல்லது தாளை வேறிடத்துக்கு மாற்றுங்கள், அது இன்னும் நல்லது.

என்னை நிறுத்தியதெல்லாம் புறநகரில், பட்டப்பகலில். இரவில் ஆளில்லாத கிராமச் சாலையில் இதே பேச்சு எப்படி எடுபடும் என்பதை அனுபவமாகச் சொல்ல எனக்கு வழியில்லை. கறுப்பின நண்பருக்கு இதை அறிவுரையாகச் சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. காரை விட்டு இறங்கு என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொன்னால் இறங்க வேண்டியதுதான், அந்த அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் 1977-இல் பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் வழக்கிலேயே கொடுத்துவிட்டது.

2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம், பிறகு எல்.டி.சி.யைப் புதுப்பிப்பானேன் என்று கேட்கிறார்கள். 40 டாலர் கட்டினால் ஜன்னலோரத்தில் என் முதல் வாக்கியத்தை அட்டையில் தொடங்கலாம். அட்டை இல்லாதவர் துப்பாக்கியில்தான் தொடங்க வேண்டியிருக்கும். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இந்த யோசனையே வேண்டாம். சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் சொல்லி வையுங்கள். உதவி என்று நினைத்து அவர் கிளவ் பாக்ஸைத் திறக்கக் கூடாது. இன்சூரன்ஸை டெக்சாஸில் போனிலேயே காட்டலாம். ஆனால் அந்தப் போன் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று வண்டியை எடுக்குமுன் பார்த்துவிடுங்கள்.