மாமனாரின் கம்ப்யூட்டருக்கு எந்தப் பூட்டு?

“மாப்பிள்ளை, கம்ப்யூட்டர்ல அஞ்சு வைரஸ் இருக்காம், அதுவே சொல்லுது. நான் ஓகே குடுத்துட்டேன்.” மாமனாருக்கு வயது 79. ஒரு வருடமாகக் கொஞ்சம் மறதி. எதற்கு ஓகே கொடுத்தார் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

போய்ப் பார்த்தேன். பிரவுசரின் தேடல் பக்கம் மாறியிருந்தது. அவர் கேட்காத எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்கள், மூன்று. திரையின் வலது கீழ் மூலையில் நிமிடத்துக்கு ஒரு எச்சரிக்கை. இதில் எதுவும் சுவரேறிக் குதித்து வந்ததில்லை. கதவைத் தட்டி, “வரலாமா?” என்று கேட்டு, அவர் “வா” என்றதும் வந்தவைதான் எல்லாம். அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் எனக்கு ஒரே அளவுகோல்: அவர் முன்னால் வந்து நிற்கும் கேள்விகளை இது குறைக்குமா, கூட்டுமா?

காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸா, விண்டோஸோடு வருவதா?

எல்லோரும் முதலில் சொல்வது, “நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று வாங்கிப் போடு” என்பதுதான். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்தே டிஃபெண்டர் ஒரு முழு ஆன்டிவைரஸாக விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஏவி-டெஸ்ட் போன்ற சோதனைக் கூடங்களில் சில ஆண்டுகளாகவே காசு வாங்கும் பொருட்களுக்குச் சமமாக மதிப்பெண் எடுக்கிறது. பிடிக்கும் திறனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேச்சில்தான் வித்தியாசம். காசு கொடுத்தது ஓயாமல் பேசும்: சந்தா முடியப் போகிறது, விபிஎன் வேண்டுமா, உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதே. இந்த அறிவிப்புக்கும் மோசடி அறிவிப்புக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க எனக்கே இரண்டு விநாடி ஆகிறது, அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இலவச ஆன்டிவைரஸ்கள் பற்றி ஒன்று மட்டும்: பயனாளர்கள் இணையத்தில் எங்கெல்லாம் போனார்கள் என்ற விவரத்தை விற்ற வழக்கில், அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2024-ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் சொன்னது.

என் ஓட்டு டிஃபெண்டருக்கு. விண்டோஸ் செக்யூரிட்டியில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் அமைப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆட்வேர், அதாவது வேண்டாத விளம்பரம் காட்டும் மென்பொருள், பெரும்பாலும் கறாராக ‘வைரஸ்’ என்று சொல்ல முடியாத ரகம், அதைப் பிடிப்பது இந்த அமைப்புதான். விண்டோஸ் 10 ஓடுகிறதென்றால் அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

சாவி யாரிடம்?

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் முதலில் உருவாக்கும் கணக்கு, எதையும் நிறுவவும் மாற்றவும் உரிமையுள்ள அட்மின் கணக்காகவே இருக்கும். அதைச் சாதாரணக் கணக்காக மாற்றி, அட்மினுக்கு வேறு பாஸ்வேர்ட் வைத்தால், இன்ஸ்டாலர்கள் பலவும் பாஸ்வேர்ட் கேட்டு நின்றுவிடும். விண்டோஸ் அப்டேட்டுக்கு இது தடை இல்லை. செலவும் இல்லை. ஆனால் கேட்காமல் செய்யாதீர்கள். “சாவி என்கிட்ட இருக்கட்டுமா மாமா?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “பிரிண்டர் வாங்கினா நீதான் வரணும்” என்றார். சரி என்றேன்.

இதற்குப் போட்டியாக விண்டோஸின் எஸ் மோட் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கும் செயலிகள் மட்டுமே ஓடும், எனவே இன்னும் இறுக்கமான பூட்டு. ஆனால் எஸ் மோடோடு வந்த கம்ப்யூட்டரில்தான் அது கிடைக்கும். ஒருமுறை வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. புதிதாக வாங்குபவர்கள் யோசிக்கலாம், எங்களுக்குப் பொருந்தவில்லை.

சாதாரணக் கணக்குக்கும் ஓட்டை உண்டு. பயனாளரின் சொந்தக் கோப்புறைக்குள் உட்காரும் மென்பொருளுக்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷனுக்கும் அட்மின் அனுமதியே தேவையில்லை. பாஸ்வேர்ட் திருடும் நிரல்களில் பலவும் அப்படித்தான். அதனால் அடுத்த பூட்டு பிரவுசரில்.

பிரவுசரில் தடுப்பதா, டிஎன்எஸ்ஸில் தடுப்பதா?

முதலில் அந்த வலது மூலை எச்சரிக்கைகள். ஏதோ ஒரு தளம், “ரோபோ இல்லை என்று நிரூபிக்க அனுமதி என்பதை அழுத்தவும்” என்று கேட்டிருக்கும். அழுத்தியதும் அந்தத் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பும் உரிமை கிடைத்துவிடுகிறது. பிறகு, தெரிந்த ஆன்டிவைரஸின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக்கொண்டு, விண்டோஸே பேசுவது போல “வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது” என்று வரும். ஸ்கேன் செய்தால் ஒன்றும் சிக்காது, ஏனென்றால் கம்ப்யூட்டரில் எதுவும் நிறுவப்படவே இல்லை. பிரவுசரில் ஒரு அனுமதி மட்டும்தான் இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய், எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்கவே கூடாது என்று மாற்றி, பழைய பட்டியலை அழித்தேன். இரண்டு நிமிட வேலை. அன்றைக்குச் செய்ததில் அதிகப் பலன் கொடுத்ததும் அதுதான்.

அப்புறம் விளம்பரத் தடுப்பான். தேடல் முடிவுகளில் நிஜ நிறுவனங்களைப் போல வேடமிட்டு வரும் விளம்பரங்களைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் எச்சரித்தபோது, தடுப்பான் போட்டுக்கொள்ளும்படி அதுவே சொன்னது. பெரிய பச்சை ‘டவுன்லோட்’ பட்டனே கண்ணில் படாவிட்டால் அழுத்துவதா வேண்டாமா என்ற யோசனையே வராது. யுபிளாக் ஆரிஜின் என்ற இலவசத் தடுப்பான் முழுதாக வேண்டுமானால் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர். குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால், அதில் இப்போது யுபிளாக் ஆரிஜின் லைட்தான் ஓடும். அவர் குரோமுக்குப் பழகியவர், நான் லைட்டையே போட்டேன். பழகிய கையைத் திருப்புவதைவிட வடிகட்டலில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

டிஎன்எஸ் வழி வேறு மாதிரி. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவைதான் டிஎன்எஸ். ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியை குவாட்9-இன் 9.9.9.9 என்றோ, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.2 என்றோ மாற்றினால், மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) பரப்பும் தளம் என்று பட்டியலில் உள்ள முகவரிகள் திறக்கவே திறக்காது. அந்த வைஃபையில் இருக்கும் போன், டிவி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. ஆனால் இந்த இரண்டும் விளம்பரத்தைத் தடுப்பதில்லை. அதற்கு ஆட்கார்ட் டிஎன்எஸ் உண்டு. அதாலும் தளத்தின் சொந்த முகவரியிலிருந்தே வரும் விளம்பரத்தைப் பிரிக்க முடியாது. பிரவுசர் தனக்கென்று வேறு டிஎன்எஸ் வைத்திருந்தால் ரூட்டரின் தடுப்பே வீண், அதையும் பார்த்துவிட வேண்டும். ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் விளம்பரத் தடுப்பானைச் செய்யுங்கள். நேரம் இருந்தால் இரண்டும்.

மெஷினையே மாற்றினால்?

கணினி தெரிந்த நண்பர்கள் இங்கேதான் உற்சாகமாவார்கள். “குரோம்புக் வாங்கிக் கொடு, தலைவலி போச்சு.” குரோம்புக் என்பது விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப். அவர்கள் சொல்வது பாதி உண்மை. அதில் விண்டோஸ் மால்வேர் ஓடாது. ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் தன் சிஸ்டத்தைத் தானே சரிபார்க்கும். கெட்டுப்போனால் பவர்வாஷ் செய்து சில நிமிடங்களில் புதிதாக்கலாம். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டாலும் பெரும்பாலான ஆட்வேருக்கு வேலை இருக்காது. ஆனால் நோட்டிஃபிகேஷன் தொல்லை, மோசமான எக்ஸ்டென்ஷன், போலி வங்கிப் பக்கம் எல்லாம் இரண்டிலும் அப்படியே வரும், பிரவுசர் பிரவுசர்தானே.

மறதி உள்ளவருக்கு மெஷினை மாற்றுவதில் இன்னொரு இழப்பும் உண்டு. மாமனாருக்கு ஃபோட்டோக்கள் இருக்கும் கோப்புறையின் பெயர் நினைவில்லை. ஆனால் இடப்பக்கம் மூன்றாவது ஐகான் என்று கைக்குத் தெரியும். அந்த ஐகானை நகர்த்தினால் அவரைப் பொறுத்தவரை ஃபோட்டோக்களே போய்விட்டன. இனிமேல்தான் பழகப்போகும் ஒருவருக்கென்றால் குரோம்புக்கோ ஐபேடோ தயங்காமல் சொல்வேன். இவருக்கு மாட்டேன்.

இதற்கெல்லாம் அடங்காதது

திரை முழுக்கச் சிவப்பாகி ஒரு போன் நம்பர் வரும். கூப்பிட்டால் மறுமுனையில் மரியாதையாகப் பேசும் ஒருவர் எனிடெஸ்க்கையோ, விண்டோஸின் குவிக் அசிஸ்ட்டையோ திறக்கச் சொல்வார். இரண்டும் தொலைவிலிருந்து இன்னொருவர் கம்ப்யூட்டரைப் பார்த்து இயக்க உதவும் நியாயமான மென்பொருள்கள். ஆன்டிவைரஸ் குறுக்கே வராது. எனிடெஸ்க்கை நிறுவாமலேயே ஓட்டலாம் என்பதால் சாதாரணக் கணக்கும் காப்பாற்றாது. குவிக் அசிஸ்ட்டை நான் நீக்கிவிட்டேன். தொலைவிலிருந்து உதவ எனக்கே அது வசதியாக இருந்திருக்கும், ஆனால் “யாருக்காவது திரையைக் காட்டுவது சகஜம்” என்று அவருக்குப் பழக்கம் ஆகிவிடக் கூடாது. வீடியோ காலில் திரையைக் காட்டச் சொல்லிச் சமாளிக்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மானிட்டருக்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறோம். நான் சொல்லச் சொல்ல அவர் கைப்பட எழுதியது: சிவப்புத் திரை வந்தால் பவர் பட்டனை அமுக்கிப் பிடி. திரையில் வரும் நம்பருக்குப் போன் செய்யாதே. அதற்குக் கீழே என் நம்பர், கொட்டை எழுத்தில்.

போன வாரம் போன் வந்தது. “மாப்பிள்ளை, எல்லாம் சிவப்பாயிடுச்சு. அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணிட்டேன். இப்ப திரும்பப் போடலாமா, இல்ல நீ வர்ற வரைக்கும் இருக்கட்டுமா?”