ரப்பர், கடலோர மனை, பவுன், வங்கி: புயலில் எது நிற்கும்?

குமரி மாவட்டத்தில் கையில் நாலு காசு சேர்ந்தால் முதலில் வரும் யோசனை நிலம்தான். குலசேகரம், அருமனை பக்கம் என்றால் ரப்பர். கடற்கரை ஊர் என்றால் வீட்டுமனை. பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் பவுன். மிச்சம் இருந்தால் வங்கி, மியூச்சுவல் ஃபண்ட். எதில் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கை எல்லாரும் போடுகிறோம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்த பிறகு இன்னொரு கேள்வியையும் நான் கேட்டுக்கொள்கிறேன்: வருமானம் நிற்கிற அதே நாளில் இந்த முதலீடும் விழுமா?

ரப்பரை முதலில் பார்க்கலாம். கன்று நட்டுப் பால் வெட்ட ஏழு வருடம் ஆகும். அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் வருமானம். பால் வெட்டி முடிந்த மரத்தைத் தடிக்கு விற்றால், மறுநடவுச் செலவுக்கு அதுவே கைகொடுக்கும். நல்ல ஏற்பாடு, மரம் அதன் காலத்தில் விழுந்தால். ஒக்கியில் மரங்கள் இடுப்பொடிந்து பாதியில் முறிந்தன, வேரோடும் சாய்ந்தன. ஊர் முழுக்க ஒரே ராத்திரியில் மரம் விழும்போது தடிக்கு நல்ல விலை எங்கே கிடைக்கும்? அறுத்து அகற்றக் கூலியாள் கிடைப்பதே பாடு. 2018-ல் மறுபடி நட்டவருக்குப் பால் 2025 வாக்கில்தான். அதுவரை பிள்ளைகளின் படிப்பும் கடன் வட்டியும் காத்திருக்காது.

புயலே வராத வருடத்திலும் சிக்கல் உண்டு. மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை. மரத்தில் பிளாஸ்டிக் மழைக்காப்பு ஒட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் பருவம் தவறிய மழை கூடக்கூட வெட்டு நாள் குறையும். அரபிக்கடல் சூடேற, அங்கே புயல்கள் முன்பைவிட அடிக்கடியும் வலுவாகவும் வருகின்றன என்று வானிலை ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். இருபது வருட வருமானத்தை நம்பி நடுகிறவர் இதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

கடலோர மனையை நான் கடைசியில்தான் வைப்பேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மேலமணக்குடியும் பட்ட பாடு நமக்குத் தெரியும். அது போன்ற பேரலை அபூர்வம்தான். ஆனால் கடலரிப்பும், காற்றே இல்லாத நாளில் திடீரென்று ஏறிவரும் கள்ளக்கடலும் அப்படியில்லை. கரையை ஒட்டிக் கட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் குறுக்கே நிற்கும். வீடு கட்டிவிட்டீர்களா? சரி, 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. புயல், வெள்ளம், சுனாமி மூன்றும் அதில் அடங்கும். ஆனால் அது தருவது கட்டடத்துக்கான பணம். கடல் தின்ற சென்டுக்கு ஒரு ரூபாயும் வராது. மனை விலையில் பெரும்பகுதி மண்ணின் விலைதானே!

பவுன் இந்த இரண்டையும்விட மேல். அதன் விலை உலகச் சந்தையில் முடிவாகிறது. குமரியில் அடிக்கும் காற்று அதைத் தொடாது. கடை திறந்த அன்றே அடகு வைத்துக் கூரை போடலாம். மாதாமாதம் வருமானம் தராது என்பது உண்மை. பத்திரமாக வைப்பதையும் நாம்தான் பார்க்க வேண்டும். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தில் லாக்கரில் இருப்பது போனால், தன் பக்கம் கவனக்குறைவு இல்லாதவரை வங்கி பொறுப்பேற்காது. ரிசர்வ் வங்கி விதியே அப்படித்தான். வீட்டுப் பாலிசியிலும் நகை தானாகச் சேராது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

வங்கி டெபாசிட்டில் வட்டி குறைவு என்று முகம் சுளிக்கிறோம். ஆனால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, எந்தக் கிளையிலும் எடுக்கலாம். மியூச்சுவல் ஃபண்டும் இறங்கும்; 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச்சுக்குள் பங்குச்சந்தைக் குறியீடுகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தன. ஆனால் அந்தச் சரிவுக்கும் பேச்சிப்பாறையில் பெய்கிற மழைக்கும் தொடர்பில்லை. நாடெங்கும் பரவிய நிறுவனங்களின் பங்கு நம் ஊர்ப் புயலில் ஒன்றாகச் சாயாது. கணக்கு மின்னணுப் பதிவாக இருப்பதால் அலையில் பத்திரம் போகிற பயமும் இல்லை.

ஆக, யாருக்கு எது என்பது வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே ரப்பர் தோட்டம் இருப்பவர் பக்கத்து ஏக்கரையும் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே காற்று இரண்டையும் சாய்க்கும். அவருக்கு ஒரு வருடச் செலவுக்கு டெபாசிட், அதற்கு மேல் இன்டெக்ஸ் ஃபண்டில், அதாவது சந்தைக் குறியீட்டில் உள்ள நிறுவனங்களிலேயே பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டில், மாதத் தவணை. கடல் தொழில் செய்யும் குடும்பத்துக்கு மனையைவிடப் பவுனும் டெபாசிட்டும். வளைகுடாவிலிருந்தோ அரசு வேலையிலிருந்தோ சம்பளம் வரும் வீட்டுக்கு மட்டும் ஒரு ஏக்கர் ரப்பர் பொருந்தும். ஏழு வருடம் அவர்களால் காத்திருக்க முடியும்.