ரீபோர் போட பிளாக்கைக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

என்னிடம் இருப்பது 2012 மாடல் ஹீரோ இம்பல்ஸ் பைக். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் மழைக்காலத்தில் போய்வர இதைவிட நல்ல வண்டி எனக்கு வாய்த்ததில்லை. விடியக்காலை அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போவதும் இதில்தான். உற்பத்தி நின்று வருடங்கள் ஆகிவிட்டதால் பாகங்களை அலைந்துதான் வாங்க வேண்டும். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் பிளாக் ஒன்று வீணானால் அடுத்தது லேசில் கிடைக்காது. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

சைலன்சரில் நீலப்புகை வர ஆரம்பித்து, ஆயில் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போனது. வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் விரித்து ஹெட்டையும் பிளாக்கையும் நானே கழற்றினேன். பிளாக்கின் உள்ளே மேல் விளிம்பில் நகம் தட்டுகிற அளவுக்குத் தேய்மானம். பிளாக்கின் துளையைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் போடாமல் வேறு வழியில்லை. இந்த என்ஜினின் போர், அதாவது அந்தத் துளை, 57.3 மில்லிமீட்டர் விட்டம். 0.50 மில்லிமீட்டர் பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் 57.8-க்குக் கடைய வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் வெளியே போயே ஆகணும்.

நாகர்கோவிலில் ஒரு போரிங் கடைக்குக் கொண்டுபோனேன். பிஸ்டனும் அதைச் சுற்றி மாட்டும் ரிங்குகளும் அடங்கிய கிட்டைத் தாங்களே தருவதாகவும் கம்பெனி ஒரிஜினல் என்றும் சொன்னார்கள். கிட் 2,200 ரூபாய், கடைவதற்கும், உட்சுவரைத் தேய்த்து முடிக்கும் ஹோனிங்குக்கும் சேர்த்து 700. மொத்தத்தையும் ரொக்கமாக முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு, "சாயங்காலம் வாங்க, எல்லாம் சேர்த்துத் தாறோம்" என்றார்கள். சாயங்காலம் பிளாக் இருந்தது, பில் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

வீட்டில் வெளிச்சத்தில் பார்த்தால் போர் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஹோனிங் செய்த போரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் ஓட வேண்டும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும், ரிங்கும் அதில் உரசித்தான் படியும். போன் செய்து கேட்டேன். "ஓட ஓட சரியாயிடும் தம்பி" என்று பதில் வந்தது. நம்பினேன். பிளாக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத்துணியில் கறுப்பு ஒட்டாதவரை துடைத்து, ரிங்கைப் போருக்குள் விட்டு, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மேலே ஒரே ஒரு இடத்தில் ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்தேன். 0.25 மில்லிமீட்டர் இருந்தது. சரி என்று பூட்டிவிட்டேன்.

நாற்பது கிலோமீட்டர்கூட ஓடவில்லை. முறுக்காமல், மெதுவாகத்தான் ஓட்டினேன். பேச்சிப்பாறை தாண்டி ஒரு ஏற்றத்தில் வண்டி இழுவையை விட்டது, அடுத்த நொடி பின்சக்கரம் கட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. பின்னால் அப்பா இருந்தார்.

திரும்பக் கழற்றினேன். பிஸ்டனின் இரண்டு பக்கமும் கீழிருந்து மேல்வரை கீறல், போரில் அலுமினியம் ஒட்டிக்கிடந்தது. அதைச் சுரண்டிவிட்டு, அடிபடாத இரண்டாவது ரிங்கை உள்ளே விட்டு, சாயாமல் இருக்க பிஸ்டன் தலையாலேயே தள்ளித் தள்ளி இடைவெளியைப் பார்த்தேன். மேலே 0.25, நடுவில் 0.15, கீழே 0.05 தகடே இறுக்கமாகத்தான் நுழைந்தது. இந்த 0.20 சுற்றளவில் வரும் வித்தியாசம், அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் 0.06 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவில் இருக்க வேண்டிய மொத்த இடைவெளியே 0.03, 0.04 மில்லிமீட்டர்தான். போர் கீழே போகப்போகக் குறுகியிருக்கிறது. சூடானதும் பிஸ்டன் விரிய இடமே இல்லை.

அப்புறம்தான் கிட் வந்த பெட்டியை எடுத்துப் பார்த்தேன். விலை ஸ்டிக்கரின் ஓரம் தூக்கியிருந்தது. மெல்ல உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் வேறொரு வண்டியின் பார்ட் நம்பர். ரிங்குகளில் எது மேல்பக்கம் என்று காட்டும் குறி எதிலும் இல்லை.

எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். "வீட்ல வச்சுப் பூட்டின என்ஜினுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு? பிஸ்டனைத் திருப்பிப் போட்டிருப்பீங்க" என்றார் கடைக்காரர். பிஸ்டன் தலையில் உள்ள 'ஐஎன்' குறி கார்புரேட்டர் பக்கம் இருப்பதைப் பூட்டும்போதே போட்டோ எடுத்திருந்தேன். காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, "கிட் எங்க கடையில வாங்கினதுக்கு பில் இருக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நான் வாயடைத்துப் போனேன்.

நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது. 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். ஆனால் கையில் ஒரு துண்டுச்சீட்டு வேண்டுமே. கடையின் பெயரை இங்கே எழுதாததும் அதனால்தான். நீங்கள் ஜிபேயில் கொடுங்கள், பில் கையில் வராமல் பிளாக்கைக் கொடுக்காதீர்கள்.

பிறகு தக்கலைப் பக்கம் வயதான ஒரு லேத்துக்காரரிடம் போனேன். பிளாக்கை நீட்டியதும், "பிஸ்டன் எங்க தம்பி? அது வராம நான் பிளாக்கைத் தொடமாட்டேன்" என்றார். இவர் வேலை தெரிந்தவர் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. 0.75 கிட்டை கம்பெனி ஷோரூமில் ஆர்டர் போட்டு, பதினாறு நாள் காத்திருந்து கொண்டுபோனேன். பிஸ்டனின் கீழ்ப்பகுதியில், அதைக் கோத்திருக்கும் பிஸ்டன் பின் (கம்பி) போகும் திசைக்குக் குறுக்காக, மைக்ரோமீட்டர் வைத்து அளந்து எண்ணைப் பிளாக்கிலேயே மார்க்கரால் எழுதினார். கடைந்து, ஹோனிங் செய்து, துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை மேலே, நடுவே, கீழே, அப்புறம் குறுக்கே திருப்பியும் விட்டு என்னையே முள்ளைப் பார்க்கச் சொன்னார். முள் அசையவில்லை. கூலி 650 ரூபாய், கேட்காமலே சீட்டு எழுதித் தந்தார்.

உங்கள் ஊர்க் கடையில் போர் கேஜ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றாலோ, கைவசம் இருந்தும் உங்கள் கண்முன் அளக்க மாட்டேன் என்றாலோ பிளாக்கோடு திரும்பி வந்துவிடுங்கள். ஃபீலர் கேஜைப் பையில் எடுத்துப்போய், காசு கொடுக்கும் முன் ரிங்கை மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இப்போது வண்டி நானூறு கிலோமீட்டர் ஓடிவிட்டது, புகை இல்லை. பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன். என் பிளாக்குக்கு இனி 1.00 என்ற ஒரே ஒரு சைஸ்தான் மிச்சம்.